உன் போனில் மட்டும் ஓடும் தராசு

ஆமாம், உன் போன்தான். மூலையில் கண்ணாடி உடைந்த அதே போன். போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சூடாகிறது. நீ இருந்தபோதும் இப்படித்தான் சூடாகும்.

நம் ஆப்பில் திரையெல்லாம் என் வேலை. தராசு ப்ளூடூத்தில் அனுப்புவதை எடையாக மாற்றும் லைப்ரரி உன் வேலை. சி மொழியில் எழுதி, கம்பைல் செய்த, உள்ளே படிக்க முடியாத கோப்பை மட்டும் கொடுத்தாய். நீ எழுதிய கோடைக் கேட்டேன். மௌலா அலி ஸ்டேஷன் டீக்கடையில் சிரித்தாய்.

"உள்ள எட்டிப் பாக்காதடா. கூப்பிடு, வெயிட்டு சொல்லும். டென்ஷன் நக்கோ, வேணாம்."

காலேஜைப் பாதியில் விட்டவன் இவன், கோடைக் காட்டினால் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவான் என்று நினைத்திருப்பாய். எனக்குத் தெரியும்.

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு உன் அண்ணன் அதை விற்றுவிட்டார். போன வாரம், நமக்கிருக்கும் ஒரே வாடிக்கையாளர், மண்டி செல்வம் அண்ணன், தன் போனைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினார். அதில் ஆப் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

"கைக்குடா, ஏன்டா இப்படி? உன் தோஸ்த்து பூட்டு போட்டுட்டுப் போயிட்டானா? நாளைக்கு ஓடலேன்னா உங்க ஆப்பே வேணாம்."

நானும் அதையேதான் நினைத்தேன். உன் அண்ணனிடம் இந்தப் போனைக் கெஞ்சி வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஓடியது. உன் போனில் மட்டும்! நடுத்தெருவில் நின்று உன்னைத் திட்டினேன்.

பிறகு கோப்பைத் துருவினேன். பூட்டும் இல்லை, மண்ணும் இல்லை. 32 பிட் போனுக்கு மட்டும் கம்பைல் செய்திருக்கிறாய். உன்னுடையதும் செல்வம் அண்ணனின் பழைய போனும் அந்த ரகம். புதுசு 64 பிட்டை மட்டுமே ஏற்கும். அதற்குத் தனியாக இன்னொரு முறை கம்பைல் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

சோம்பேறித்தனம் என்பார்கள். நீயா சோம்பேறி? ஒரு எரர் வந்தால் சோறு இறங்காதே உனக்கு. மீதிக்கு நான் உன்னைத் தேடி வரவேண்டும் என்றே நிறுத்தி வைத்தாயோ?

வந்தேன். நீதான் இல்லை.

அந்தக் கோப்பை இப்போது நானே சி-யில் முதலிலிருந்து எழுதுகிறேன். பாதிகூட வரவில்லை. அதுவரை இந்தப் போனோடு தினமும் மண்டிக்கு வந்து நான்தான் எடை பார்த்துச் சொல்கிறேன். வேண்டுமென்றே விட்டுவைத்தாயோ என்று உன்மேல் சந்தேகம் மட்டும் போகவில்லை.

"டேய், வெயிட்டு என்னடா ஆச்சு?" செல்வம் அண்ணன் கத்துகிறார். போகணும்.