தேடி வருகிற ஆளுக்குப் பதில்

உன் ஜாமெட்ரி பாக்ஸையும் நோட்டையும் இன்று காலை உன் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். பாக்ஸில் துருவும் பழைய ரப்பரும் கலந்த அதே வாசனை. உள்ளே காம்பஸ் இல்லை, ஸ்கேல் இல்லை. புளியங்கொட்டைகள்தான். என் ஐந்து கொட்டைகளைத் தனியே ஒரு கவரில் போட்டு, என் பெயரை எழுதி வைத்திருந்தாய்.

"எதுக்குடி இத்தினி கொட்டைய சேத்து வெச்சிருந்தா?" என்று அம்மா கேட்டார். எளிய கேள்வி. நம் ஆட்டத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு இன்னொன்றும் கேட்டார். அதை உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஓர் ஆங்கில விதிப் புத்தகத்தைப் போனில் இறக்கிவைத்திருந்தாய். சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியே ஆடுகிற ஆட்டம். அதில் எல்லோருமே பூதங்கள். பூதத்தைக் கொல்வதல்ல, பூதமாக வாழ்வதுதான் ஆட்டம். வீட்டிலேயே முதலில் காலேஜுக்குப் போகிற பெண் ஞாயிற்றுக்கிழமை பூதமாகி ஆளைத் தின்பதா என்று நான் தயங்கினேன். நம் கிளாஸ் ஷமீமா உடனே சேர்ந்துவிட்டாள்.

அந்தப் புத்தகத்தில் நல்ல குணத்துக்கு ஓர் எண் உண்டு. தப்பு செய்தால் குறையும். உனக்கு அது பிடிக்கவில்லை. "பாவத்துக்கு மார்க் போட்டா, மார்க்குக்காவத்தான்டி நல்லவங்களா இருப்போம். இன்டர்னல் மார்க்குக்கு சார் முன்னால நடிக்கிற மாதிரி" என்றாய். பிறகு ஒரு லாங் சைஸ் நோட்டில் உன் சொந்த விதிகளை எழுத ஆரம்பித்தாய்.

ஆளுக்கு ஐந்து கொட்டை, ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெளுத்தவை. பூதபலம் காட்டக் கறுப்பு விழ வேண்டும். மனிதரோடு பேசிப் பழக வெள்ளை விழ வேண்டும். பசித்தால் யாரையும் தின்னலாம், தடையில்லை. ஆனால் மறுநாள் அவரைத் தேடி ஓர் ஆள் வருவார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அந்த ஆளாகப் பேசுவாள். பூதம் பொய் சொன்னால், வெளுத்த கொட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் கறுத்த ஒன்றைத் தருவாய். பலம் கூடத்தான் செய்யும். ஐந்தும் மாறிவிட்டால் அந்தப் பூதத்தை யாராலும் ஜெயிக்க முடியாது. ஆனால் அது பேசுவது யார் காதிலும் விழாது. உண்மையைச் சொன்னாலோ, அதற்கு மேல் என்ன என்பதைத் தேடி வந்தவர்தான் தீர்மானிப்பார்.

எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. நல்லவளாக இரு என்று உன் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. கேட்க வருகிறவரின் முகத்தைப் பார் என்பது மட்டுமே இருந்தது. இருபது வயதில் இதை எப்படி யோசித்தாய்?

ஷமீமாவின் பூதம் கடலூர் பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்தது. கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பவர்களை மட்டும் தின்னும். யார் கேட்டாலும் வாய் கூசாமல், "ஆமா, நாந்தான் தின்னேன். இன்னாத்துக்கு துண்டு போட்டாரு?" என்பாள். என் பூதம் பாகூர் ஏரியில் இருந்தது. தின்றுவிடும், பதில் சொல்லாது. கேள்வி வந்ததும் நான் சிரித்துத் தலையைக் குனிந்துகொள்வேன்.

"கொட்டய குடு" என்றாய் முதல் நாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலியேடி."

"அதான்டி. கேக்கும்போது பேசாம இருந்தா அதுவும் பொய்தான்."

அப்படியே நான்கு போயின. கறுத்தது மறுபடி வெளுக்க விதி இல்லையா என்று கேட்டேன். "இன்னும் யோசிக்கல" என்றாய்.

ஐந்தாவது முறை, பனித்திட்டுக் குப்பத்திலிருந்து வந்த மீன்காரப் பெண்ணாக நீயே என் முன்னால் உட்கார்ந்தாய். "சோறு போட்டு வெச்சிருக்கேம்மா. எங்க வூட்டுக்காரரு வருவாரா, மாட்டாரா? அத்த மட்டும் சொல்லு." உன் கண்ணைப் பார்த்தேன்.

"நாந்தான் தின்னேன்!" கத்தியே விட்டேன்.

சமையல்கட்டிலிருந்து உன் அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாடி தின்ன? அப்பளத்தையா? சாம்பார் எறக்குறதுக்குள்ளயா?" ஷமீமா தரையில் உருண்டாள். நீ மட்டும் மீன்காரப் பெண்ணாகவே இருந்தாய். "சொன்னியே. அவரு வலைய மட்டும் குடுத்துடு, நான் போறேன்" என்றாய்.

கடைசி செமஸ்டரில் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது நீ பாதியில் உட்கார்ந்துவிடுவாய். உதடு வெளிறியிருக்கும். "எக்ஸாம் முடியட்டும். வூட்ல சொன்னா படிச்சது போதும்னு நிறுத்திடுவாங்க. நீ சொல்லிடாதே." நான் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. எக்ஸாம் முடிய நீ இருக்கவில்லை.

இன்று அம்மா கேட்டது இதுதான். "அவளுக்கு மூச்சு வாங்கினது உனுக்கு முன்னாடியே தெரியுமாடி?"

தலை தானாகக் குனிந்தது. மடியில் உன் பாக்ஸ் திறந்திருந்தது. நிமிர்ந்தேன்.

"தெரியும்மா. சொல்லாதேன்னா. நானும் சொல்லல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். டீ ஆடை கட்டியது. பிறகு எழுந்து நடந்தார். கிருமாம்பாக்கம் நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். பஸ் வருவது தெரிந்ததும் கேட்டார். "ஷமீமாவுக்கும் தெரியுமா?"

"இல்லம்மா. எனுக்கு மட்டுந்தான்."

பஸ் நின்றது. அவர் கையை நீட்டினார். "அந்தக் கொட்டையில ஒண்ணு குடு." என் கவரைப் பிரித்து, வெளுத்திருந்த ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. என்ன தீர்மானிப்பாரோ தெரியாது. அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து உன் நோட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். கறுத்தது வெளுக்கும் விதியை நீ எழுதவே இல்லை. என்னிடம் இருப்பவை நான்கு கறுத்த கொட்டைகள். அவற்றில் ஒன்றை வாசற்படி சிமென்டில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். விரல் சுடுகிறது. இன்னும் வெளுக்கவில்லை.