இல்லாத மச்சத்தைக் கடவுச்சீட்டிலிருந்து நீக்கித் தருமாறு

அனுப்புநர்:
மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்,
இரு குழந்தைகளின் தந்தை.

பெறுநர்:
கடவுச்சீட்டு அலுவலர் அவர்கள்,
கடவுச்சீட்டு அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: ஒன்றேகால் வயது மகனின் கடவுச்சீட்டில் அங்க அடையாளமாகப் பதிவாகியுள்ள மச்சம் அவன் உடலில் இல்லாதது – நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்தேகால் மணிக்கு எங்கள் குடும்பம் சாப்பாட்டு மேசையில் கூடி, விமானத்தின் சன்னலோர இருக்கையில் அரை மணிக்கு ஒருவராக முறைவைத்து அமர்வது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. இளைய உறுப்பினர் அப்போது உறக்கத்தில் இருந்தமையால் அவரது வாக்கு ஆதரவாகக் கொள்ளப்பட்டது. இவ்வளவு பெரிய முடிவை எடுத்து முடித்த பிறகே, அவருக்குக் கடவுச்சீட்டு இல்லை என்பது எங்கள் நினைவுக்கு வந்தது.

2. பயணம் வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றுக்கு. என் மனைவி மருத்துவமனையில் அறுவைக்கூடச் செவிலியர். பேறுகால விடுப்பு நீங்கலாக, ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்புகூட அவருக்குக் கிடைத்ததில்லை, இம்முறை பத்து நாள் கிடைத்துள்ளது. தேதி தவறினால் அடுத்தது எப்போது என்று தலைமைச் செவிலியரால் சொல்ல இயலவில்லை. எங்கள் ஆறு வயது மகளுக்கோ, அந்த ஊர்க் கடலும் உப்புக் கரிக்குமா என்று தெரிந்தாக வேண்டும்.

3. விண்ணப்பத்தின் பதினேழாம் கட்டத்தில் அங்க அடையாளம் கேட்கப்பட்டிருந்தது. "இல்லை" என்று எழுதிக் கொண்டுவந்தேன். மூன்றாம் கவுன்ட்டர் அம்மையார் தாளைத் திருப்பித் தந்து, "இல்லன்னு எழுதக் கூடாது சார். மனுசன்னா ஒரு மச்சமாவது இருக்கும். வீட்டுல வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாருங்க" என்றார்.

4. பார்த்தோம். மகனை மேசையில் கிடத்தி, மனைவி டார்ச் பிடிக்க, நான் என் தொழிலுக்குரிய உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் உச்சி முதல் உள்ளங்கால் வரை இரண்டு நாள் தேடினேன். கிடைத்தவை ஒரு கொசுக்கடியும், கழுத்து மடிப்பில் ஒரு பிஸ்கட் துணுக்கும். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளின் தாய்மாமன், "மச்சம் இல்லாதவன ப்ளேன்ல ஏத்த மாட்டாங்க மாப்ள. நீங்க போய்ட்டு வாங்க, குண்டனை நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் தமாஷுக்குச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு ஆறு வயது.

5. மறுநாள் காலை மகனின் இடது காதுக்குக் கீழே கருப்பாக, வட்டமாக ஒரு மச்சம் இருந்தது. வீடே கைதட்டியது. மச்சத்தை யாரும் தேய்த்துப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. அன்றே விண்ணப்பம் ஏற்கப்பட்டது. அன்று மாலையே, குளிப்பாட்டித் துவட்டுகையில், மச்சம் துண்டோடு வந்துவிட்டது. விசாரித்ததில் மகள், "தம்பிய விட்டுட்டுப் போயிடுவீங்கல்ல, அதான் வச்சேன்" என்றாள்.

6. அடுத்த நாளே வந்து உண்மையைச் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு சார். புத்தகம் கைக்கு வந்தப்புறம்தான் திருத்தம்" என்றார் அம்மையார். புத்தகம் வந்தது. இப்போது, மச்சம் அகற்றப்பட்டதற்கு மருத்துவச் சான்று கேட்கிறார். குழந்தை மருத்துவரோ, "இல்லாத மச்சத்த எடுத்தேன்னு நான் எப்படிங்க எழுதறது? மச்சத்தக் கொண்டு வாங்க, எடுத்துட்டு எழுதித் தர்றேன்" என்கிறார். இருவர் பேச்சிலும் என்னால் குறை காண இயலவில்லை.

7. பயண முகவர், "கைக்குழந்தை காதையெல்லாம் எவன் சார் பாக்கப் போறான்?" என்கிறார். அதற்கு என் மனைவி, "பாக்க மாட்டாங்கன்னா எதுக்கு எழுதச் சொன்னாங்க?" என்று கேட்டார். அக்கேள்வியைத் தங்கள் மேலான பார்வைக்கு அப்படியே சமர்ப்பிக்கிறேன். எனக்கும் சில ஐயங்கள் உண்டு. விமான நிலையத்தில் மச்சத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பார்களா, தொட்டும் பார்ப்பார்களா? மச்சமில்லாத பிள்ளைகள் இதுவரை எப்படி நாடு கடந்தார்கள்? தங்கள் சொந்த விண்ணப்பத்தின் பதினேழாம் கட்டத்தில் தாங்கள் என்ன எழுதினீர்கள்? குறையாகக் கேட்கவில்லை ஐயா. தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்கிறேன்.

8. விமானம் நாளை மறுநாள் காலை. மகனை விட்டுச் செல்ல எங்களுக்கு மனமில்லை. மனைவியை மறுபடி அறுவைக்கூடத்துக்கு அனுப்பவும் மனமில்லை. ஆகவே, குழந்தையைத் தாங்களே நேரில் பார்த்து (உடன் அழைத்து வந்துள்ளேன், தேய்த்தும் பார்க்கலாம்), அந்த அடையாளத்தை நீக்க இன்றே உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காலை ஒன்பதரை மணியிலிருந்து காத்திருக்கும்,
(கையொப்பம்)
மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்

இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்புக் கூடம், இரண்டாம் வரிசை
நாள்: 12ஆம் தேதி, வியாழன்

பின்குறிப்பு: நான் இம்மனுவை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் உடன் வந்துள்ள என் மகள், நான் எடுத்து வந்திருந்த தன் தாயின் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, தம்பியின் இடது காதுக்குக் கீழே மச்சத்தை மீண்டும் வைத்துவிட்டாள். அறுவைக்கு முன் நோயாளியின் உடலில் குறியிடும் பேனா அது. மனைவியிடம் தொலைபேசியில் கேட்டேன். எவ்வளவு தேய்த்தாலும் ஐந்து நாளைக்குப் போகாது என்கிறார். எங்கள் பயணம் எட்டு நாள்.