7, 22: ஜோடி மைக்

திங்கள், 3
காலையிலிருந்து மழை. ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட் சுவரெல்லாம் ஈரம். லீவு. மைக் வேலை.

சட்டைப் பொத்தான் அளவு மைக் மண்டைகள் முப்பது. எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்கும் ரகம். ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி, சாப்ஸ்டிக் குச்சி நுனியில் கட்டி, ஸ்பீக்கர் முன் அதே இடம், அதே இரைச்சல், அளவு குறித்தேன்.

11: மந்தம்.
19: உஸ் உஸ்.
3: பற்றவைத்த சூட்டில் செத்தது. என் தப்பு.
7, 22: இரட்டைப் பிள்ளைகள்!

கடைசிச் சோதனை. 22-இன் பிளக்கில் மட்டும் இரண்டு கம்பியை இடம் மாற்றி, இரண்டு மைக்கின் சத்தத்தையும் கலந்தேன். ஜோடி சரியென்றால் ஒன்றையொன்று அழிக்கும். ஸ்பீக்கர் கத்துகிறது, ஹெட்போனில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அம்மா வாங்கிக் கேட்டாள். "ஒண்ணும் கேக்கலையேடா."
"அதாம்மா வேணும்."
"இதுக்கா மூணு நாளு?"

செவ்வாய், 4
பிறை ஊர் ஃபேக்டரியில் ஷிப்ட். வெக்கை. சாப்பாட்டு நேரத்தில் கவி அண்ணன் போன். உறுமி மேளக் குழுத் தலைவர்.

"தம்பி, ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெக்கார்டிங் அனுப்பணும். அதக் கேட்டுத்தான் திருவிழாத் தேருக்கு முன்னாடி எந்தக் குழுன்னு கோயில்ல முடிவு பண்ணுவாங்க. பிரவீன் வியாழக்கெழம பண்றான். அவன் மைக் ஒண்ணு தண்ணியில போச்சு. உன் ஜோடியக் குடுத்துரு லா."

பிரவீன். டாக்டர் மகன். பொழுதுபோக்குக்கு ரெக்கார்டர் வாங்கியவன். நான் இரண்டு வருஷமாக இந்தக் குழுவுக்குக் கேபிள் சுமக்கிறேன். அவன் வந்து இரண்டு மாதம். அவனுக்கு நாற்காலி, எனக்கு "டேய் மைக்கு". வியாழன் எனக்கு ஷிப்ட். யாரும் கேட்கவில்லை.

புதன், 5
கொடுத்தாயிற்று. பிரவீன் காரை விட்டு இறங்கி வந்து வாங்கினான். "மச்சான், கையால செஞ்சதா? செம்ம லா!" நிஜமாகவே சொன்னான். நல்லவனாக வேறு இருக்கிறான். அதுதான் தாங்கவில்லை.

அவன் பை ஜிப்பை இழுக்கும்போது ஞாபகம் வந்தது. 22-இன் பிளக்கை நான் திருப்பி மாற்றவில்லை. ஹெட்போனில் காதுக்கு ஒரு மைக்காகக் கேட்டால் அவனுக்குத் தெரியாது. போனின் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் கலந்து உறுமியின் தாழ்ந்த சத்தம் அழிந்துபோகும்.

வாயைத் திறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் பொய்.

வெள்ளி, 7
கவி அண்ணனின் குரல் செய்தி: "டேய், என் உறுமி எங்கடா? ஜால்ரா கேக்குது, பயலுக கத்துறது கேக்குது, உறுமியக் காணோம்!"

பத்து நிமிஷம் இனித்தது.

பிறகு குழு வாட்ஸ்ஆப்பில் பிரவீன்: "என் தப்புண்ணே. மைக் வச்ச எடம் சரியில்ல. மச்சான் மைக் நல்ல மைக்." பழியைக்கூட வசதியானவன் மாதிரி தூக்கிப் போட்டுக்கொள்கிறான். அவனுக்குக் கட்டுப்படியாகும்.

உறுமி அவ்வளவு சுத்தமாகத் தொலைந்ததென்றால் என் ஜோடி அவ்வளவு பொருத்தம். யாரிடமும் சொல்ல முடியாத வெற்றி.

சனி, 8
வெயில். மறுபடி பதிவு செய்ய ஆளில்லை, உறுமிக்காரர்கள் இருவரும் கோலாலம்பூரில். கவி அண்ணனுக்குப் போன் போட்டேன். "விடு தம்பி. நமக்கு எப்பவும் தேருக்குப் பின்னாடி, குப்பை லாரிக்கு முன்னாடி." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

பஸ் பிடித்து பிரவீனின் கொண்டோ அடுக்குமாடிக்குப் போனேன். உட்காரும் முன்பே சொன்னேன்: "22 எடுத்த சத்தத்த மட்டும் தலைகீழாத் திருப்பு."

லேப்டாப்பில் ஒரு கிளிக். உறுமி வந்தது. வயிற்றுக்குள் முனகியது. நான் எடுத்த எதுவும் இப்படிக் கேட்டதில்லை. மைக்கைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறான், பாவி. அங்கேயும் பொறாமை.

போனில் போட்டுப் பார்த்தான். கேட்டது. கவி அண்ணனுக்கு அனுப்பிவிட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏதோ ஒரு மைக் திரும்பியிருக்குன்னு பதிவக் கேக்காமலே ஊகிக்கலாம். அது 22-தான்னு உனக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

செருப்பை மாட்டினேன். லிப்ட் வரும்வரை அவன் கதவைச் சாத்தவில்லை.