கேரியர் இல்லாத சைக்கிள்

செவ்வாய், இரவு.

நீண்ட ஆலோசனைக்குப் பின், சைக்கிளின் கேரியரைக் கழற்றிவிடுவதென்று இன்று காலை முடிவெடுத்து, உடனே கழற்றினேன். கல்வராயன் மலை ஏறுகிறவன் சுமையைத் துறக்க வேண்டும். இதுவரை அந்த மலையைக் கோமுகி ஆற்றோரச் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. இனியும் ஏறப்போவதில்லை என்பது எனக்கும் மலைக்கும் தெரியும்.

சைக்கிளில் கிளம்பினால், ஆற்றுப் பாலத்தருகே எதிர்வீட்டு அஞ்சலை அக்கா நொண்டிக்கொண்டிருந்தார். காலில் முள் குத்திச் சீழ் வைத்திருக்கிறது. நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரை போக வேண்டும். காலையில் அங்கே வருகைப் பதிவுக்குப் போட்டோ எடுக்கும்போது நிற்காதவருக்கு அன்றைய கூலி கிடையாது.

“ஏரி வரைக்கும் இட்டுகினு போ தம்பி. ஐய, கேரியரு எங்க?”

“கழட்டிட்டேங்கக்கா. எடை கம்மியாவட்டும்னு.”

“வண்டிக்கா, உனுக்கா?” என்று என் வயிற்றைப் பார்த்தார்.

இருவரும் சிரித்தோம். அந்தப் பக்கம் போன இரண்டு பைக்குகளுக்குக் கை காட்டினேன். நிற்கவில்லை. சேலையோடு உயரமான சீட்டில் ஏற முடியாமல், அக்கா அதைப் பிடித்தபடி நொண்டி வந்தார், நான் தள்ளிக்கொண்டு நடந்தேன். சைக்கிள் மிக இலகுவாக உருண்டது.

நாங்கள் கரைக்குப் போனபோது போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள். அக்காவுக்கு இன்று கூலி இல்லை.