அப்பா ஒட்டிய ரப்பர் பட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம், வீட்டின் பின்சுவர் மட்டும் சுகமில்லை. நீ சுரங்க ஆழத்தில் இறங்கி ஏறுகிறவள், உன் தலைக்கு மேலே பாறை அசையாமல் இருக்க வேண்டும், வேறென்ன கேட்கப் போகிறேன்.

நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சுரங்கப் பாறைக்குள் பழைய பிளவு ஒன்று ஓடுகிறது, பக்கத்தில் தோண்டத் தோண்ட அது வழுக்கி எல்லாம் சரியலாம் என்று நீ கண்டுபிடித்துச் சொன்னால், உன் மேனேஜர் அதிர்வு பார்க்கும் கருவியைக் கழற்றிவிட்டு மந்தமான ஒன்றை மாட்டி, இப்ப அமைதியாத்தானே இருக்கு, ஆபத்தில்லைன்னு கையெழுத்துப் போடும்மா என்கிறாராம். எனக்கு அந்த மனிதரை நன்றாகத் தெரியும் போலிருந்தது, அப்படி ஒருவரோடுதானே குடித்தனம் நடத்துகிறேன்.

நம் பின்சுவர் விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டுங்கள், உடைந்தால் சுவர் நகர்கிறது என்று நீதானே சொன்னாய். அப்பா ஒட்டினார், உடைந்தது. கண்ணாடி மட்டமான சரக்கு என்றார். தடிமனாக வாங்கி ஒட்டினார், அதுவும் உடைந்தது, கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார். இப்போது சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியிருக்கிறார். சுவர் அடுத்த தெருவுக்கே போனாலும் அது உடையாது. வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய், பாருங்க, ஒண்ணுமே ஆகலை என்று காட்டுகிறார். ஆனால் பேப்பர் படிக்கும் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்கட்டிலிருந்து வாசலுக்கு மாற்றிவிட்டார், கேட்டால் அங்கே காத்து நல்லா வருதாம். அன்றைக்கே கொத்தனாரை வரவழைத்து முட்டுக் கொடுக்க வைத்தேன். அந்த முட்டில் இப்போது அப்பாவின் துண்டு காய்கிறது.

ஆகவே உன் மேனேஜரின் நாற்காலி எங்கே கிடக்கிறது என்று பார். மேலே ஆபீஸில்தானே? அதைக் கீழே அந்தப் பிளவுக்குப் பக்கத்தில் போட்டு உட்காரச் சொல், அப்புறம் கையெழுத்தைப் பற்றிப் பேசலாம். துளை போடுகிற அண்ணன் தினமும் உன்னிடம், இறங்கலாமாம்மா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார் என்றாயே, அவர் முகத்தை நினைத்துக்கொள். எனக்குப் பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. நீ கையெழுத்துப் போடாதே. வேலை போனால் வீட்டுக்கு வா, உன் அறை அப்படியே இருக்கிறது, கட்டிலை மட்டும் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

நன்றாக இரு, நூறு வயது இரு. ஹெல்மெட் பட்டையை இறுக்கிக் கட்டு. இதை எழுதும்போது அப்பா வாசலிலிருந்தே குரல் கொடுக்கிறார், நம்ம சுவரு என்னவோ ஆகட்டும், புள்ளைய மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்னு எழுது என்று.

இப்படிக்கு,
உன் அம்மா