செம்மண் போன இடம்

2025 டிசம்பர் 6, சனி

பள்ளி வாரியத்தின் ஆண்டிறுதிக் கூட்டம் மதியச் சாப்பாட்டையும் தாண்டி இழுத்தது. செயலாளர் நான்தான், கூட்டக் குறிப்பை இன்றைக்கே தட்டச்சு செய்து அனுப்பியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கால் நீட்டிப் படுத்துவிட்டேன்.

முடிவுகள் எல்லாம் நல்லவைதான். தலைமையாசிரியை இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். கல்வி இலாகா வேறொருவரை அனுப்பும்வரை, துணைத் தலைமையாசிரியை என்ற முறையில் பொறுப்பு எனக்கு. ஒன்றாம் ஆண்டில் சேர்கிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஒரே வகுப்பு போதும். அது முற்றத்தை ஒட்டிய பழைய ஓட்டுக் கட்டடத்தில் நடக்கும். முற்றத்துக் கிணற்றை மண் கொட்டித் தூர்த்துவிட்டு, பெற்றோரின் காடிகள் வந்து நின்று பிள்ளைகளை இறக்கிவிட அங்கே ஒரு கூரை போடப்படும்.

கடைசி முடிவை ஒருவர்கூட மறுக்கவில்லை. அக்டோபரில் கொட்டுகிற மழையில் சாலையோரம் இறங்கிய ஒரு பிள்ளையை மோட்டார் சைக்கிள் இடித்துக் கால் முறிந்தது. வாரியத் தலைவர் மரியநாயகம் சார் அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போய் வந்தார். இன்று மேசையைத் தட்டிச் சொன்னார்: "இன்னொரு பிள்ளைக்கு அப்படி ஆகக்கூடாது. சிஸ்டர்மார் குளிச்ச காலத்துக் கிணறு, இப்ப யாருக்கு வேணும்? ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள மூடிடணும்."

எனக்கும் சரியென்றுதான் பட்டது. இரும்பு மூடி போட்ட அந்தக் கிணற்றை இத்தனை வருடமாகச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறேன். உள்ளே பார்த்ததே இல்லை.

டிசம்பர் 19, வெள்ளி

பள்ளிக்குக் கடைசி நாள். பிள்ளைகள் போய்விட்டார்கள். எல்லாச் சாவிகளும் என் கைப்பையில். தோள் வலிக்கிறது.

டிசம்பர் 22, திங்கள்

இன்று மூடியைத் திறந்தார்கள். கண்ட்ரேக்டர் அலாவுதீன் நல்ல மனிதர், வாயாடி. மகள் நம் பள்ளியில் படித்தவள்.

எட்டிப் பார்த்தேன். குளிர் முகத்தில் மோதியது, கூடவே கடல் வாடை. பள்ளியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கடல்தானே, வாடை அடிக்கத்தான் செய்யும். செங்கல் வளையங்கள் கீழே இறங்கி இறங்கி இருட்டில் முடிந்தன.

"கூப்பிட்டுப் பாருங்க டீச்சர், திருப்பிக் கூப்பிடும்" என்றார் அலாவுதீன்.

சின்னப் பிள்ளை மாதிரி நானும் "ஹலோ" என்றேன். ஒன்றும் வரவில்லை. அவர் சிரித்தார். நிமிர்ந்து, பனித்த கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். அப்போது வந்தது, "ஹலோ."

என் குரல்தான். ஆனால் காதில் வாங்கி, யோசித்து, பிறகு சொன்னதுபோல.

டிசம்பர் 23, செவ்வாய்

பாலிக் புலாவ் பக்கம் மலையோரத்துச் செம்மண். லாரி லாரியாக வந்து கொட்டிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கிணறு வாய் மட்டத்துக்கு நிரம்பி, அலாவுதீன் மண்வெட்டியால் தட்டிச் சமன் செய்தார். முற்றம் ஒரே சிவப்பு. என் செருப்பும்.

டிசம்பர் 24, புதன்

மண் இல்லை.

கொஞ்சம் இறங்கியிருந்தால் புரிந்துகொள்ளலாம். மொத்தமும் இல்லை. திங்கள்கிழமை பார்த்த அதே செங்கல் வளையங்கள், அதே இருட்டு. அலாவுதீன் தலையைச் சொறிந்தார். "புது மண்ணு அமுங்கும் டீச்சர். எல்லாக் கிணறும் இப்படித்தான்." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. மறுபடி கொட்டினார்கள். மறுபடி நிரம்பியது.

டிசம்பர் 25, வியாழன்

மரியநாயகம் சார் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து. நானும் என் கணவர் யசோதரனும் போனோம். "கிணறு முடிஞ்சதா டீச்சர்?" என்று கேட்டார். மண் அமுங்குகிறது என்றேன். அவர் மனைவி தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

டிசம்பர் 27, சனி

மறுபடியும் இல்லை.

பின்சுவர்ப் பக்கக் கதவைத் திறந்து கடலைப் பார்க்கப் போனேன். கிணற்றுக்கும் கடலுக்கும் கீழே ஏதாவது வழி இருக்கும், அலை மண்ணை இழுத்துக்கொண்டு போகிறது என்று மனதுக்குள் ஒரு கணக்கு. அப்படியானால் கடல் சிவந்திருக்க வேண்டும். இத்தனை லாரி மண். இல்லை. சுவரடிப் பாறையில் வழக்கமான பாசி, வழக்கமான பிளாஸ்டிக் போத்தல்கள், தெளிந்த தண்ணீர்.

அப்படியென்றால் எங்கே போகிறது?

டிசம்பர் 30, செவ்வாய்

அலாவுதீன் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என் லாரிக்காரன் இனிமே வரமாட்டேங்கறான் டீச்சர். கொட்டும்போது சத்தம் வரலையாம்."

"என்ன சத்தம்?"

"விழற சத்தம். அவ்ளோ மண்ணு கொட்டறோம், விழுந்தா ஒரு சத்தம் வரணும்லா."

"அப்பறம் எப்படி நிரம்புது?"

"அதான் டீச்சர். நிரம்பற மாதிரி காட்டுது." வெளியே போக ஆரம்பித்தவர் திரும்பி, "நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லாதீங்க" என்றார்.

மரியநாயகம் சாருக்கு ஃபோன் போட்டேன். மண் நிற்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "மேல காங்கிரீட் போட்டு மூடச் சொல்லுங்க. உள்ள நிரம்பினா என்ன, நிரம்பாட்டி என்ன? பிள்ளைங்க நடக்கப் போறது மேலதானே."

2026 ஜனவரி 3, சனி

காங்கிரீட் போட்டாகிவிட்டது. கிணறு இருந்த இடமே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் வழவழவென்ற முற்றம். மனசு லேசானது. சும்மா பயந்திருக்கிறேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ஒன்றாம் ஆண்டு ஆசிரியை ஹனா வகுப்பை அலங்கரிக்க வந்தாள். இருபத்தாறு வயது, முதல் முறையாக இவளுக்கென்று ஒரு வகுப்பு. வண்ணத்தாளில் எழுத்துகள் வெட்டிச் சுவரில் ஒட்டினாள். குட்டி நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். நானும் கூடமாட உதவினேன்.

ஜனவரி 7, புதன்

காலையில் ஹனா என்னிடம் கோபமாக வந்தாள். "அக்கா, யாரு என் நாற்காலியெல்லாம் நகர்த்துனது?"

போய்ப் பார்த்தேன். நாற்காலிகள் எல்லாம் வகுப்பின் நடுவில் நெருங்கிக் கூடியிருந்தன, தலைகளைச் சாய்த்து ஏதோ பேசிக்கொள்வதுபோல. அந்த அறைக்கு இருப்பது ஒரே சாவி. அது என்னிடம்.

"பூனையா இருக்கும்" என்றேன். என்ன பேச்சு இது! ஹனா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மறுபடி வரிசையாகப் போட்டாள்.

ஜனவரி 8, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

இன்றும் நாற்காலிகள் நடுவில் கூடியிருந்தன. ஹனா மறுபடி அடுக்கினாள். பிறகு பிள்ளைகளின் பெயர்களைச் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள், முதல் நாளில் தவறாகச் சொல்லிவிடக் கூடாதே என்று. நான் அலுவலகத்தில் இருந்தேன். வெளிறிய முகத்தோடு வந்தாள். "அக்கா, கொஞ்சம் வாங்க."

பட்டப்பகல். வெயில் சன்னல் வழியாகத் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. "சும்மா கேளுங்க" என்றாள். "சிந்துஜா" என்று வாசித்தாள். காத்திருந்தோம். வாசலில் ஒரு மைனா கத்திவிட்டுப் போனது. நான் வாயைத் திறக்கப் போனேன்.

"சிந்துஜா."

தரைக்குக் கீழிருந்து. ஹனாவின் குரலில்.

கிணறு அந்த அறையிலிருந்து முற்றத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது யசோதரனிடம் சொன்னேன். தொழிற்சாலை எஞ்சினியர், எதையும் எளிதில் நம்புகிறவர் இல்லை. "கீழ காலியா இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான்" என்றார். "கிணத்துல கேட்டதவிட லேட்டா வந்துச்சா?" ஆமாம் என்றேன். "லேட்டாச்சுன்னா இடம் பெருசா—" அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு சாப்பிடவும் இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

தனியாகப் போய் நானே கூப்பிட்டுப் பார்த்தேன். நேற்றைவிடத் தாமதமாக வந்தது.

மரியநாயகம் சாருக்கு உடனே ஃபோன். அந்தக் கட்டடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்க முடியாது, முதலில் நிலத்தைச் சோதிக்க வேண்டும் என்றேன். தெரிந்த எஞ்சினியரைக் கேட்டிருக்கிறாராம், சீனப் புத்தாண்டுக்குப் பிறகுதான் வர முடியுமாம். "டீச்சர், முந்தாநாள்தான் நான் வந்து முற்றத்த மிதிச்சுப் பாத்தேன், கல்லு மாதிரி இருக்கு. எதிரொலி கேக்குதுன்னா ஸ்கூல மூடுவாங்க? வாரியம் முடிவெடுத்தாச்சு. தாய் தகப்பனுக்கெல்லாம் நோட்டீஸ் போயிடுச்சு."

ஜனவரி 11, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைகள் அந்தத் தரையில் உட்காருவார்கள். ஓடுவார்கள், குதிப்பார்கள்.

முடியாது. என்னால முடியாது.

சர்ச்சில் பூசைக்குப் பிறகு பங்குச்சாமியைப் பார்த்து ஆலய மண்டபத்தைக் கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. சாவியைக் கொடுத்தார். திரும்பி வந்து பழைய கட்டடத்துக்குப் பெரிய பூட்டு வாங்கிப் போட்டேன். ஹனாவும் நானும் அவளுடைய வண்ண எழுத்துகளைக்கூட எடுக்க உள்ளே போகவில்லை.

ஜனவரி 12, திங்கள்

திட்டு, திட்டு, திட்டு. மண்டபத்தில் விசிறி போதவில்லை. கழிவறை தூரம். ஒரு தகப்பன் கத்தினார்: "மாடு கட்டற எடம் மாதிரி இருக்கு! நீங்க என்ன தலைமையாசிரியை?" மரியநாயகம் சார் வந்து எல்லார் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. தனியாக அழைத்து, "சனிக்கிழமை வர்றேன். தெறந்து காட்டுங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலன்னா வாரியம் இலாகாவுக்கு எழுதும், உங்களை மாத்தச் சொல்லி" என்றார்.

ஹனாவின் வகுப்பில் எல்லோரும் வந்திருந்தார்கள். சிந்துஜாவுக்கு முன்பல் இரண்டும் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் பொங்கியபோது நான் வேறெங்கோ இருந்தேன். யசோதரன்தான் ஓடிவந்து அடுப்பைக் குறைத்தார்.

ஜனவரி 17, சனி

மரியநாயகம் சார் வந்தார். பூட்டைத் திறந்தேன். நாற்காலிகள் நடுவில்தான். அவர் அவற்றுக்கிடையே போய், ஷூக் காலால் தரையை ஓங்கி மிதித்தார். "பாருங்க. கல்லு." நான் வாசலிலேயே நின்றேன்.

"என்னத்த கூப்பிடறது?" என்றார். பிறகு அவராகவே, கேலியாக, "யாரு?" என்றார்.

காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சன்னல் கம்பியில் படிந்த தூசியை விரலால் துடைத்தார். "டீச்சர், உங்களுக்கு ஓய்வு வேணும். நான் குத்தமா சொல்லல" என்றார். அவ்வளவு அன்பாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சா? ஹனாவுக்கும் சேர்த்தா?

அவர் என்னைத் தாண்டி வெளியே வந்து, படியிறங்கி, முற்றத்தில் பாதி தூரம் போய்விட்டார்.

"யாரு?"

அறைக்குள்ளிருந்து இல்லை. அவர் காலுக்குக் கீழே, அந்தப் புதுக் காங்கிரீட்டிலிருந்து.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு ஷூவைக் கழற்றினார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது. காலுறையோடு, ஓசைப்படாமல், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து மதிலோரமாக வெளியே போனார். ஷூ முற்றத்திலேயே கிடந்தது. நானும் எடுக்கவில்லை.

வாசலில் காடியைத் திறக்கும்போது மட்டும் சொன்னார்: "யாரையும் உள்ள விடாதீங்க."

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. கடல் ஏறியிருக்கிறது. பகல் முழுக்க மழை.

ஜனவரி 19, திங்கள்

ஹனாவுக்கு வருகைப் பதிவுத் தாள்கள் வேண்டும். பழைய வகுப்பு அலமாரியில் இருக்கின்றன, வாசலை ஒட்டித்தான், ஒரு காலை உள்ளே வைத்து எட்டி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மரியநாயகம் சார் சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் போனேன். காலை வெயில். பூட்டைத் திறந்தேன், கதவைத் தள்ளினேன், காலைத் தூக்கிட்டேன்—

தரை இல்ல.

சுவர் நாலும் இருக்கு. ஓடு இருக்கு. சுவத்துல ஹனா ஒட்டின எழுத்து எல்லாம் இருக்கு. தரை மட்டும் இல்ல. தண்ணி. குட்டி நாற்காலிங்க நடுவுல ஒண்ணா மிதந்துகிட்டு இருக்கு.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. விரல் நகம் ஒன்று பெயர்ந்திருக்கிறது.

தண்ணீர் அவ்வளவு தெளிவு. வெயில் உள்ளே வெகுதூரம் இறங்குவதைப் பார்த்தேன். அடி தெரியவில்லை. ஒரு பிடி செம்மண்கூட இல்லை.

நான் கூப்பிடவில்லை. வாயை இறுகப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

அந்தத் தகப்பன் வந்தார், மாடு கட்டுகிற இடம் என்றவர். மண்டபத்துக்கு நான்கு ஸ்டாண்டு விசிறிகளை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 6, வெள்ளி

வாரியத்தின் சிறப்புக் கூட்டம். முற்றமும் பழைய கட்டடமும் வேலி போட்டு மூடப்படும். கூரைத் திட்டம் கைவிடப்பட்டது. ஒன்றாம் ஆண்டு இந்த வருடம் முழுக்க ஆலய மண்டபத்தில்தான். இலாகா அனுப்பி, கருவியோடு வந்து அளந்த எஞ்சினியர்கள் ஆழத்தைச் சொல்லவில்லை. வேறு கருவி வேண்டுமாம். பெற்றோருக்கு அனுப்புகிற அறிவிப்பை மரியநாயகம் சார் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். "கனமழையால் நில அமிழ்வு" என்று போடச் சொன்னார். போட்டேன். அவர் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. இனியும் பேசமாட்டோம் என்று நினைக்கிறேன்.

கூட்ட முடிவில் எழுந்து நின்று, பொறுப்புத் தலைமையாசிரியைக்கு வாரியத்தின் நன்றி என்றார். இலாகா கடிதமும் வந்துவிட்டது. ஆண்டு முடியும்வரை நானே தொடர வேண்டும்.

யசோதரன் அதைக் கொண்டாட மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார், நான் இப்போதெல்லாம் எங்கே உட்காருமுன்னும் குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டுகிறேனாம். "நாம இருக்கறது ஒம்பதாவது மாடி, தெரியும்ல?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால், ஹாலில், அவர் தரையைத் தட்டுவது கேட்டது. ஒரே ஒரு முறை. திரும்பிப் பார்த்தேன். தலையைச் சற்றே சாய்த்து, அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

நான் குழாயை மூடினேன்.