பிரிக்காத பெட்டி

அன்புத் தங்கைக்கு,

இறைவன் அருளால் எல்லாரும் சுகம். வசந்தம் வந்து மாடித் தொட்டிகள் பூத்துக் குலுங்குகின்றன. பேரன் தத்தித் தத்தி நடக்கிறான். நோயாளிகளுக்குச் சோறு ஊட்டும் சேவைக்கும் தவறாமல் போகிறேன். "நீங்க ஊட்டினாத்தாம்மா எறங்குது" என்கிறார் ஒரு பெரியவர். இவ்வளவு வரவு வைத்த இறைவனிடம் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

உன் வீட்டில் ஒரு வாரம் தங்க வேண்டுமென்று, இங்கே இவர்களுக்கு அத்தனை நாள் சமையலையும் செய்து டப்பா டப்பாவாக ஃப்ரிட்ஜில் வைத்தேன். நான் புறப்படும் முன்பே எல்லாம் காலி.

"உன் கை ருசி அப்படி! நாங்க என்ன பண்றது? இன்னொரு தடவ செஞ்சு வெச்சுட்டுப் போயேன்" என்று சிரிக்கிறார் உன் அத்தான்.

"ஆமா அத்தே" என்கிறாள் மருமகள்.

இது மூன்றாம் முறை.

பயணப் பெட்டியை நான் பிரிக்கவில்லை. தினமும் அதிலிருந்தே புடவை எடுத்து உடுத்துகிறேன். துவைத்து, மடித்து, திரும்ப அதிலேயே வைத்துவிடுகிறேன்.

உன் அக்கா